ஆயத்தமான நேரம்: கிறிஸ்தவ நெறியில் காலமும் திண்டிவனம் தந்த பாடமும்

காலம் மனிதருக்குச் சொந்தமான பொருள் அன்று, கடவுள் நம்பி ஒப்படைத்த பொறுப்பு என்பது கிறிஸ்தவ நெறியின் அடிப்படைப் பார்வை. தமிழ்க் கிறிஸ்தவர்கள் இதை உக்கிராணத்துவம் என்பார்கள். எஜமானின் களஞ்சியத்தைப் பார்த்துக்கொள்ளும் உக்கிராணக்காரர் அதிலுள்ளதைப் பகிர்ந்து கொடுக்கலாம், பெருக்கலாம். தம்முடையது என்று உரிமை கொண்டாட முடியாது. ஒருநாள் அவர் கணக்கு ஒப்புவிக்க வேண்டும். பணம், திறமை, உடல்நலம் ஆகியவற்றைப் போலவே நேரமும் இந்தக் கணக்கில் அடங்கும்.

இக்கருத்துக்குத் தமிழ் மண்ணிலேயே ஒரு சான்று உண்டு. இன்றைய விழுப்புரம் மாவட்டத்திலுள்ள திண்டிவனத்தில், 1890-களின் முற்பகுதியில், ஒரே இரவில் மூன்று இளம்பெண்கள் பிரசவ வேதனையில் உயிரிழந்தனர். அவர்களுக்கு உதவுமாறு அழைக்கப்பட்ட ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண்ணிடம் நேரம் இருந்தது, மனமும் இருந்தது. மருத்துவப் பயிற்சி மட்டும் இல்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வரலாறு அந்த இரவிலிருந்தே தொடங்குகிறது. நேரத்தை வீணாக்காமல் இருப்பதோடு ஒருவரின் கடமை முடிந்துவிடுவதில்லை, தேவை வந்து நிற்கும்போது பிறருக்குப் பயன்படும்படி அந்த நேரத்தை முன்பே ஆயத்தப்படுத்தியிருக்க வேண்டும் என்பதே அந்நிகழ்ச்சி தரும் பாடம்.

வேதாகமம் கூறுவது

காலத்தைப் பற்றிய வேதாகமப் போதனை ஒரே இடத்தில் தொகுத்துச் சொல்லப்படவில்லை. சங்கீதங்கள், ஞான நூல்கள், இயேசுவின் உவமைகள், திருத்தூதர்களின் கடிதங்கள் என்று பல பகுதிகளில் அது பரவியிருக்கிறது. மோசேயின் பெயரால் வழங்கும் 90-ஆம் சங்கீதம் மனித வாழ்வின் குறுகிய அளவை நினைவூட்டி, நாள்களை எண்ணிப் பார்க்கும் அறிவைக் கடவுளிடம் கேட்கிறது. இழவு வீடுகளிலும் ஆண்டிறுதி ஆராதனைகளிலும் அந்தச் சங்கீதம் வாசிக்கப்படுவதற்குக் காரணம் இதுவே. நீதிமொழிகள் நூல் சோம்பேறியை எறும்பிடம் பாடம் கற்க அனுப்புகிறது. மேற்பார்க்க ஆள் இல்லாதபோதும் கோடையிலேயே உணவு சேர்க்கும் எறும்பு அங்கே முன்னேற்பாட்டுக்கு முன்மாதிரி.

பிரசங்கி நூலின் 3-ஆம் அதிகாரம் பிறப்பு-இறப்பு, நடுதல்-பிடுங்குதல், அழுகை-சிரிப்பு என 14 இணைகளை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் உரிய காலம் உண்டு என்கிறது. விழுப்புரம் மாவட்ட விவசாயிகளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய நிலக்கடலை, எள் ரகங்கள் ‘டி.எம்.வி.’ என்று அந்த ஊரின் பெயரையே தாங்கி நிற்கின்றன. மானாவாரி நிலக்கடலைக்கு மழை ஈரம் நிற்கும் சில நாள்களே விதைப்புக் காலம். மழைக்கு முன்பே புழுதி உழவு ஓட்டி, விதைக்கடலையை உடைத்து வைத்திருப்பவர் அந்த ஈரத்தைப் பிடிப்பார். மழை பெய்த பிறகு ஏருக்கும் விதைக்கும் அலைபவர் அந்தப் பட்டத்தையே இழப்பார். வேதாகமம் கூறும் ஆயத்தமும் இத்தகையது.

புதிய ஏற்பாட்டில் இந்தப் போதனை இன்னும் கூர்மை பெறுகிறது. மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரத்தில் இரண்டு உவமைகள் அடுத்தடுத்து வருகின்றன. முதலாவதில் மணவாளனுக்காகக் காத்திருக்கும் பத்துக் கன்னியர்களும் உறங்கிவிடுகிறார்கள். உறங்கியதற்காக எவரும் கண்டிக்கப்படவில்லை. ஐந்து பேர் எண்ணெய் எடுத்து வைத்திருந்தார்கள், ஐந்து பேர் எடுத்து வைக்கவில்லை என்பதே அவர்களைப் பிரிக்கும் கோடு. நள்ளிரவில் அழைப்பு வந்தபோது எண்ணெய் வாங்கப் போனவர்களுக்குக் கதவு அடைபட்டது.

இரண்டாவது, தாலந்து உவமை. தாலந்து என்பது பெருந்தொகை. அது ஏறத்தாழ 6,000 தெனாரி மதிப்புள்ளது. ஒரு தெனாரி கூலியாள் ஒருவரின் ஒருநாள் சம்பளம். ஆண்டுக்கு 300 வேலைநாள்கள் என்று வைத்துக்கொண்டால், ஒரு தாலந்து 20 ஆண்டு உழைப்பின் கூலி. ஒரே தாலந்து பெற்று அதை மண்ணில் புதைத்தவன் கையிலும் 20 ஆண்டுகள் இருந்தன என்று பொருள். ‘எனக்குக் கொஞ்சம்தான் கிடைத்தது’ என்ற சாக்குக்கு அந்த உவமையில் இடமில்லை. அவன் எதையும் திருடவில்லை, செலவழிக்கவும் இல்லை. பயத்தால் ஒன்றும் செய்யாமல் இருந்ததே அவன் குற்றமாகிறது.

எபேசியருக்கும் கொலோசெயருக்கும் எழுதிய கடிதங்களில் பவுல் காலத்தைப் பயன்படுத்திக்கொள்ளும்படி அறிவுறுத்துகிறார். எபேசியருக்கு எழுதிய கடிதத்தில் காலம் பொல்லாதது என்பதை அதற்குக் காரணமாகக் காட்டுகிறார். நெருக்கடியான காலத்தில் நன்மை செய்யும் வாய்ப்பு அரிது, வந்ததை நழுவவிடக் கூடாது என்பது அவர் கருத்து. யாக்கோபின் கடிதம் மறுபக்கத்திலிருந்து எச்சரிக்கிறது. அடுத்த ஊருக்குப் போய் ஓராண்டு தங்கி வியாபாரம் செய்து லாபம் ஈட்டுவோம் என்று உறுதியாகப் பேசும் வணிகர்களை அது நிறுத்தி, நாளை நடப்பது உங்களுக்குத் தெரியாதே என்கிறது. ‘கர்த்தருக்குச் சித்தமானால்’ என்று சொல்லித் திட்டங்களைப் பேசும் வழக்கம் தமிழ்க் கிறிஸ்தவரிடையே வேரூன்றியிருப்பது இப்பகுதியின் செல்வாக்கால்தான். திட்டமிடுவதை யாக்கோபு தடுக்கவில்லை. திட்டத்தைத் தம் கையிலுள்ள உறுதிப் பத்திரமாக நினைப்பதைத்தான் கடிந்துகொள்கிறார்.

நாளையும் ஆண்டையும் வகுத்த திருச்சபை

இந்தப் போதனையைத் திருச்சபை அன்றாட ஒழுங்காக மாற்றியது. யூதர்களின் வேளை வாரியான ஜெப வழக்கத்தைத் தொடக்ககாலக் கிறிஸ்தவர்கள் தொடர்ந்தார்கள். 6-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த புனித பெனடிக்ட் துறவிகளுக்கு வகுத்த விதிமுறை, பகலில் ஏழு வேளையும் இரவில் ஒரு வேளையும் வழிபாட்டுக்கு ஒதுக்கி, இடைப்பட்ட நேரத்தை உடலுழைப்புக்கும் திருநூல் வாசிப்புக்கும் பகிர்ந்தது. சோம்பல் ஆன்மாவுக்குப் பகை என்பது அவர் கருத்து. ஆயினும் பருவத்துக்கும் துறவிகளின் உடல்நிலைக்கும் ஏற்ப வேலை நேரத்தைக் கூட்டவும் குறைக்கவும் அவர் இடம் வைத்தார். கைவேலையை அடிமைகளுக்குரியதாகக் கருதிய உலகில், ஜெபமும் உழைப்பும் ஒரே நாளின் இரு பகுதிகள் என்று அவருடைய மடங்கள் காட்டின.

அந்த ஒழுங்கின் தடயங்கள் விழுப்புரம் வட்டாரத்தில் இன்றும் தெரிகின்றன. இப்பகுதிக் கத்தோலிக்கர்கள் புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். காலை, நண்பகல், மாலை என்று மூன்று முறை சொல்லப்படும் மூவேளைச் செபம் வயலில் இருப்பவருக்கும் அடுப்படியில் இருப்பவருக்கும் நாளைப் பகுத்துக் காட்டி வந்திருக்கிறது. டேனிஷ் மிஷன் வழிவந்த ஆற்காடு லுத்தரன் திருச்சபையும், அமெரிக்க ஆற்காடு மிஷன் வழிவந்து 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்த சபைகளும் ஞாயிறு ஆராதனை, ஓய்வுநாள் பள்ளி, குடும்ப ஜெபம், லெந்து காலக் கூட்டங்கள், அறுப்பின் பண்டிகை என்று வாரத்தையும் ஆண்டையும் வகுத்துக்கொண்டன. டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் எல்லாச் சபைகளிலும் கூட்டம் நிரம்புகிறது. கழிந்த ஆண்டைக் கணக்குப் பார்த்து, வரும் ஆண்டுக்கு ஒரு வாக்குத்தத்த வசனத்தைப் பெற்றுக்கொண்டு வீடு திரும்புவது தமிழ்க் கிறிஸ்தவ வாழ்வின் நிலைத்த வழக்கங்களுள் ஒன்று.

காலப் பிரிவுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நோக்கம் உண்டு. திருவருகைக் காலம் காத்திருக்கப் பழக்குகிறது. 40 நாள் தவக்காலம் ஒறுத்தலையும் தன்னாய்வையும் கோருகிறது. உயிர்ப்புப் பெருவிழா மகிழ்ச்சிக்கு இடம் தருகிறது. ஆண்டு முழுவதும் ஒரே வேகத்தில் ஓடக் கூடாது, அழவும் மகிழவும் உழைக்கவும் ஓயவும் தனித்தனிக் காலம் வேண்டும் என்ற பிரசங்கியின் எண்ணம் இப்படி நாள்காட்டியாகியிருக்கிறது.

கடிகாரமும் ஆதாயக் கணக்கும்

ஐரோப்பியத் தேவாலயக் கோபுரங்களில் 13-ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் இயந்திரக் கடிகாரங்கள் இடம்பெறத் தொடங்கின. ஜெப வேளையை அறிவிக்க வந்த மணி நாளடைவில் சந்தையையும் பட்டறையையும் ஆளத் தொடங்கியது. 16-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தத்துக்குப் பிறகு, குறிப்பாகக் கால்வின் வழிவந்த சபைகளில், நேரத்தை வீணாக்குவது பெரும் பாவமாகப் போதிக்கப்பட்டது. மறைப்பணி மட்டுமல்லாமல் தச்சு வேலையும் வணிகமும்கூடக் கடவுளின் அழைப்பே என்ற எண்ணம் பரவியது.

ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் 1904–05-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த ஒழுக்கமே நவீன முதலாளித்துவ மனப்பான்மைக்கு உரமிட்டது என்று வாதிட்டார். வரலாற்றாசிரியர்கள் பலர் அதை மறுத்தும் திருத்தியும் எழுதியிருக்கிறார்கள். ஆயினும் அவர் சுட்டிய ஆபத்து உண்மையானது. கடவுளுக்குக் கணக்கு ஒப்புவிக்கும் எண்ணம் தேய்ந்து போனால், எஞ்சுவது ஆதாயக் கணக்கு மட்டுமே. லூக்கா நற்செய்தியில் களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிட்ட செல்வந்தர் திட்டமிடத் தெரியாதவர் அல்லர். தன் ஆயுளும் தன் கையில் என்று நினைத்ததாலேயே அவர் அந்த உவமையில் மூடன் எனப்படுகிறார்.

திண்டிவனத்தில் பணியாற்றிய அமெரிக்க ஆற்காடு மிஷனும் இதே கால்வின் மரபைச் சேர்ந்தது. அமெரிக்காவின் சீர்திருத்தச் சபையின் சார்பில் 1853-இல் அதைத் தொடங்கியவர்கள் ஸ்கடர் குடும்பத்துச் சகோதரர்கள் மூவர். அவர்களுடைய தந்தை டாக்டர் ஜான் ஸ்கடர் 1819-இல் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு யாழ்ப்பாணத்திலும் பின்னர் சென்னையிலும் மருத்துவப் பணி செய்தவர். நேரத்தைக் கடமையாகக் கருதும் மரபு அந்தக் குடும்பத்தில் எந்த வடிவம் எடுத்தது என்பதைத் திண்டிவன நிகழ்ச்சி காட்டுகிறது.

திண்டிவனத்து இரவு

அந்தக் குடும்பத்தின் மூன்றாம் தலைமுறைப் பெண் ஐடா ஸ்கடர் 1870 டிசம்பர் 9-இல் ராணிப்பேட்டையில் பிறந்தார். 1876–78 பஞ்சத்தின் கொடுமையைச் சிறுவயதிலேயே கண்டவர். பின்னர் அமெரிக்காவில் படித்தார். மறைப்பணியில் சேரும் விருப்பம் அவருக்கு இல்லை. 1890-இல் தாயின் உடல்நலம் குன்றியதால், அவருக்குத் துணையாக இருந்துவிட்டுத் திரும்பிவிடும் எண்ணத்துடன் திண்டிவனம் மிஷன் பங்களாவுக்கு வந்தார். அவருடைய தந்தை அங்கே மருத்துவராகப் பணியாற்றி வந்தார்.

ஓர் இரவில் மூன்று ஆண்கள் ஒருவர்பின் ஒருவராக அந்த வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர், மற்றவர் உயர்சாதி இந்து. மூவருடைய மனைவியரும் பிரசவத்தில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார்கள். தமக்கு மருத்துவம் தெரியாது, தந்தையை அழைத்துச் செல்லுங்கள் என்று ஐடா சொன்னார். அந்நிய ஆண் தம் வீட்டுப் பெண்ணைத் தொட்டு மருத்துவம் பார்ப்பதை அவர்களுடைய வழக்கம் அனுமதிக்கவில்லை. மூவரும் உதவி பெறாமலே திரும்பினார்கள். காலையில் சாவுப் பறை கேட்டது. விசாரித்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டது தெரிந்தது.

அந்த வீட்டில் அன்றிரவு மருத்துவர் இருந்தார், மருந்து இருந்தது, உதவும் மனமும் இருந்தது. அந்தச் சமூகத்தின் கதவு திறக்கப் பெண் மருத்துவர் ஒருவர் வேண்டியிருந்தது. அவர் மட்டும் இல்லை. லூக்கா நற்செய்தி 11-ஆம் அதிகாரத்தில் நள்ளிரவில் நண்பன் வீட்டுக் கதவைத் தட்டுபவனுக்குக் கடைசியில் அப்பம் கிடைக்கிறது, ஏனெனில் வீட்டில் அப்பம் இருந்தது. திண்டிவனத்தில் தட்டியவர்கள் ஏற்கக்கூடிய உதவி வீட்டில் இல்லை. அந்த இரவைக் கடவுளின் அழைப்பாக ஏற்ற ஐடா, மருத்துவம் படித்துத் திரும்பி வருவதாகப் பெற்றோரிடம் தெரிவித்தார்.

ஆயத்தத்துக்குக் கொடுத்த ஆண்டுகள்

அந்த முடிவுக்குப் பிறகு அவர் உடனே களத்தில் இறங்கவில்லை. அமெரிக்கா சென்று, 1895-இல் பிலடெல்பியாவிலுள்ள பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பின்னர் பெண்களுக்குக் கதவைத் திறந்த கார்னெல் மருத்துவக் கல்லூரிக்கு மாறி 1899-இல் பட்டம் பெற்றார். அந்த ஆண்டுகளிலும் திண்டிவனம் அடங்கிய அன்றைய தென்னார்க்காட்டில் பெண்கள் பேறுகாலத்தில் இறந்துகொண்டுதான் இருந்தார்கள். அவசரத் தேவை இருக்கும்போது ஆண்டுக்கணக்கில் படிப்பது நேர விரயம் என்று தோன்றக்கூடும். கிறிஸ்தவ மரபு அப்படிக் கருதுவதில்லை. இயேசுவே ஏறத்தாழ 30 வயது வரை நாசரேத்தில் வாழ்ந்து, அதன் பிறகே வெளிப்படையான பணியைத் தொடங்கினார். கற்கும் காலமும் பணிக்காலமே; அது பிறருடைய தேவையை முன்னிட்டுக் கழிக்கப்பட்டால் போதும்.

1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா இந்தியா திரும்பினார். மருத்துவமனை கட்டுவதற்காக நியூயார்க் வங்கியாளர் ஒருவர் தம் மனைவியின் நினைவாக அளித்த 10,000 டாலர் அவர் கையில் இருந்தது. அதே ஆண்டில் தந்தை காலமானார். அனுபவம் மிக்க மருத்துவரிடம் சில ஆண்டுகள் உடனிருந்து கற்கும் வாய்ப்பு அத்துடன் போயிற்று. கட்டடம் எழும்வரை காத்திராமல், வேலூரில் தம் இல்லத்திலேயே ஒரே ஒரு படுக்கையுடன் மருத்துவம் பார்க்கத் தொடங்கினார். 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 1902-இல் திறக்கப்பட்டது.

ஒருவரின் நேரத்தைப் பலருடையதாக்குதல்

வேலூரில் ஐடா கையாண்ட மூன்று வழிகள் நேரப் பயன்பாட்டின் நோக்கில் கவனிக்கத்தக்கவை. முதலாவது, நோயாளியிடம் செல்லுதல். வாரந்தோறும் குடியாத்தம் சாலையில் பயணம் செய்து, வழியில் குறிப்பிட்ட இடங்களில் மர நிழலில் நிறுத்தி மருத்துவம் பார்த்தார். நோயாளிகள் வேலைநாளை இழந்து நெடுந்தூரம் நடக்க வேண்டிய நிலையை இது குறைத்தது. வண்டி இன்ன நாளில் வரும் என்று கிராமத்தார் நம்பிக் காத்திருக்க முடிந்தது. நேரம் தவறாமை இங்கே மருத்துவரின் வசதிக்காக அல்லாமல் ஏழையின் கூலிநாளைக் காப்பதற்காக அமைந்தது.

இரண்டாவது, பிறரைப் பயிற்றுவித்தல். ஒரு மருத்துவர் எவ்வளவு உழைத்தாலும் அவருக்கு ஒரு நாளில் 24 மணி நேரமே உண்டு. இதை உணர்ந்து 1909-இல் செவிலியர் பயிற்சியும், 1918-இல், பின்னர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்த பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தொடங்கப்பட்டன. 14 பேர் கொண்ட முதல் அணி 1922-இல் படிப்பை முடித்தது. நோயாளிகள் வரிசையில் நிற்கும்போது, அந்த நேரத்தில் ஒரு பகுதியை வகுப்பறைக்குக் கொடுப்பது எளிய முடிவன்று. அன்று வகுப்பறைக்குக் கொடுத்த மணிகளே பின்னர் நூற்றுக்கணக்கான மருத்துவர்களின் பணிநேரமாகப் பெருகின. தாலந்து உவமை சொல்லும் பெருக்கம் இதுவே.

மூன்றாவது, வயதைக் காரணம் காட்டாமை. பட்டயப் படிப்பை நிறுத்திப் பட்டப் படிப்பாக உயர்த்த வேண்டிய கட்டாயம் வந்தபோது ஐடா 70 வயதை நெருங்கியிருந்தார். இரண்டாம் உலகப் போர் நடந்த ஆண்டுகளில் அமெரிக்காவில் ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டினார். 1942-இல் எம்.பி.பி.எஸ். படிப்பு தொடங்கியது. 1947-இல் ஆண்களும் மாணவர்களாகச் சேர்க்கப்பட்டனர். அதே காலத்தில் பொறுப்பு இந்தியரான டாக்டர் ஹில்டா லாசரஸ் கைக்கு மாறியது. தொடங்குவதற்கு ஒரு காலம் இருப்பதுபோல் ஒப்படைத்து விலகுவதற்கும் ஒரு காலம் உண்டு. ஐடா 1960 மே 24-இல் கொடைக்கானலில் காலமானார்.

குறுக்கீடுகளுக்கு இடம்

நேரத்தை நிமிடக் கணக்கில் திட்டமிடுபவர்களுக்கு எதிர்பாராத குறுக்கீடு எரிச்சல் தரும். நற்செய்தி நூல்களில் இயேசுவின் முக்கியமான செயல்கள் பல குறுக்கீடுகளின் நடுவே நிகழ்கின்றன. சாகும் தறுவாயிலிருந்த யவீருவின் மகளைக் காணச் செல்லும் வழியில், 12 ஆண்டுகளாக இரத்தப்போக்கால் துன்புற்ற பெண்ணுக்காக அவர் நின்றார். அவளைத் தேடி, பேசவைத்து, முழுவதும் கேட்டார். நல்ல சமாரியன் உவமையில் குற்றுயிராகக் கிடந்தவனைக் கண்டும் விலகிச் சென்ற ஆசாரியனையும் லேவியனையும் நேரத்தை வீணாக்கியவர்கள் என்று எவரும் சொல்லமாட்டார்கள். நிற்க மறுத்ததே அவர்கள் தவறு. பயணத்தை நிறுத்திக் காயத்தைக் கட்டிய சமாரியனே காலத்தைச் சரியாகப் பயன்படுத்தியவன்.

எனவே இடைவெளியே இல்லாமல் நிரப்பப்பட்ட நாள் கிறிஸ்தவப் பார்வையில் சிறந்த நாள் ஆகாது. உதவி கேட்டு வருபவருக்குக் கொடுக்கச் சிறிது நேரமாவது ஒதுக்கி வைத்திருப்பது நல்ல திட்டத்தின் பகுதியே.

ஓய்வு என்னும் கட்டளை

பத்துக் கட்டளைகளில் ஒன்று முழுவதும் காலத்தைப் பற்றியது. ஆறு நாள் உழைப்பு, ஏழாம் நாள் ஓய்வு. யாத்திராகம நூல் அதற்குப் படைப்பைக் காரணம் காட்டுகிறது. உபாகம நூல் எகிப்தின் அடிமைத்தனத்தை நினைவூட்டுகிறது. ஓய்வே இல்லாமல் செங்கல் அறுத்த மக்கள், விடுதலை பெற்ற பின் தம் வேலையாளையும் வேலைக்காரியையும் அந்நியரையும் மாட்டையும் கழுதையையும்கூட ஓயவிட வேண்டும் என்கிறது அக்கட்டளை. ஓய்வு அங்கே தனிமனித வசதியாக நிற்காமல் நீதியாகிறது.

இந்தக் கோணத்தில் பார்த்தால், ஒருவர் தம் நேரத்தை மட்டும் ஞானமாகப் பயன்படுத்துவது போதாது. செங்கல் சூளையிலும் கரும்பு வெட்டிலும் கடைகளிலும் உழைப்பவரின் நேரத்தையும் மதிக்க வேண்டும். கூலிக்காக மறுநாள் வா, அடுத்த வாரம் வா என்று அலையவிடுவது ஏழையின் நேரத்தைப் பறிப்பது. கூலியை மறுநாள் காலைவரை வைத்திருக்கக் கூடாது என்று லேவியராகமம் விதிப்பதும் இதனால்தான். இந்தியாவில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வார விடுமுறையை உறுதி செய்தது. கடை ஊழியர்கள் உட்காருவதற்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத்திருத்தம் வந்தது. இவை மதச்சார்பற்ற சட்டங்கள். ஆயினும் உழைப்பவரின் உடலுக்கும் நேரத்துக்கும் எல்லை உண்டு என்ற எண்ணத்தில் ஓய்வுநாள் கட்டளையோடு ஒத்துப்போகின்றன.

ஓய்வுநாளையும் வேலைநாளாக்கும் ஆபத்து சபைகளுக்குள்ளும் உண்டு. ஆராதனை, பாடகர் குழு, வாலிபர் கூட்டம், கமிட்டி, வீட்டு ஜெபம் என்று ஞாயிறு முழுவதும் ஓடி, குடும்பத்தோடு ஒருவேளை சாப்பிடவும் நேரமில்லாத ஊழியர்கள் பலர். பல வேலைகளில் கலங்கிய மார்த்தாளிடம் இயேசு சொன்ன அறிவுரை, சபைப் பணியில் மூழ்கியிருப்பவர்களுக்கே முதலில் பொருந்தும்.

இன்றைய நாளில் நடைமுறை

விழுப்புரம் ஐந்து திசைகளில் இருப்புப்பாதை பிரியும் சந்திப்பு. சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என்று வண்டிகள் போகின்றன. விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் வேலைக்கும் படிப்புக்கும் நாள்தோறும் வெளியூர் சென்று திரும்புவோரின் நாளில் பெரும்பகுதி ரயிலிலும் பேருந்திலும் கழிகிறது. கையிலுள்ள கைப்பேசி அந்த நேரத்தை ஓசையின்றி விழுங்கிவிடும். இச்சூழலில் கிறிஸ்தவப் போதகர்கள் வழக்கமாக வலியுறுத்தும் பழக்கங்கள் எளியவை, எந்தச் சமயத்தினருக்கும் ஏற்றவை.

நாளின் முதல் நேரத்தை ஜெபத்துக்கும் வாசிப்புக்கும் கொடுப்பது முதலாவது. விடியற்காலத்தில் தனிமையான இடத்துக்குச் சென்று ஜெபித்த இயேசுவின் வழக்கமே இதற்கு முன்மாதிரி. கைப்பேசியைத் திறக்குமுன் அந்த வேளை அமைந்தால், அன்றைய நாளை எது நடத்தும் என்பது முடிவாகிவிடும். மாலையில் குடும்ப ஜெபத்துக்குப் பின் அன்றைய நாளைச் சிறிது நேரம் திரும்பிப் பார்ப்பது இரண்டாவது. 16-ஆம் நூற்றாண்டில் இஞ்ஞாசியார் நிறுவிய இயேசு சபையினர் நாளுக்கு இருமுறை இத்தகைய ஆன்ம ஆய்வு செய்யும் பயிற்சியைப் பரப்பினர். எங்கே நன்றி சொல்ல வேண்டும், எங்கே தவறினோம், நாளை யாருக்கு என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விகளே அதன் சாரம்.

மூன்றாவது, பயண நேரத்தையும் காத்திருப்பு நேரத்தையும் ஒரு திறமைக்கு ஒதுக்குவது. செவிலியம் படிக்கும் மாணவி பாடத்தை மீள்பார்வை செய்யலாம். அரசுத் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர் நாளுக்கு ஒரு பகுதியை முடிக்கலாம். நான்காவது, வாரத்தில் ஒரு நேரத்தைப் பிறருக்கென்றே குறித்து வைப்பது. தனியாக வாழும் முதியவரைப் பார்ப்பது, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது, நோயாளிக்குத் துணையாக மருத்துவமனை செல்வது ஆகியவை இதில் அடங்கும். ஐந்தாவது, வாரத்தில் ஒரு நாள் உண்மையாகவே ஓய்வெடுப்பதும், தம்மிடம் வேலை செய்பவரை ஓயவிடுவதும்.

நாள் கடந்துவிட்டது, இனி என்ன செய்வது என்று வருந்துபவர்களுக்கும் நற்செய்தியில் இடமுண்டு. திராட்சத்தோட்ட உவமையில் கடைசி மணி நேரத்தில் வேலைக்கு வந்தவர்களுக்கும் முழுநாள் கூலி கிடைக்கிறது. வாழ்வில் தாமதமாகத் தொடங்குபவரைக் கடவுள் புறக்கணிப்பதில்லை என்பது அதன் செய்தி. ஆனால் அந்த உவமையை நாளைக்குத் தள்ளிப்போடுவதற்கான அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அழைப்பு வந்த மணியிலேயே அவர்கள் எழுந்து போனார்கள்.

நாள்காட்டியை நிரப்பி வைத்திருப்பவரும் வெறுமனே நாளைக் கழிப்பவரும் ஒரே கேள்விக்கே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது: தேவையில் இருக்கும் ஒருவர் இன்றிரவு வந்து கேட்டால் கொடுக்க நம்மிடம் என்ன இருக்கிறது? கற்க வேண்டியதை இப்போதே கற்றும், ஓய வேண்டிய நாளில் ஓய்ந்தும், பிறருக்குரிய நேரத்தை முன்பே ஒதுக்கியும் வைத்திருப்பவரே காலத்தின் நல்ல உக்கிராணக்காரர். அந்த ஆயத்தத்தை இன்றைய நாளிலேயே தொடங்குவது நல்லது.